படத்துக்குக் கீழே

பேரை வாவி, கொம்பனித்தெருப் பக்கம்.
காலை ஆறு நாற்பது.
துளை எட்டு, ஷட்டர் இருநூற்றைம்பதில் ஒன்று.
லென்ஸ் மூன்றாம் கை, உள்ளே பூஞ்சணம்.
வானத்தில் தெரிகிற புள்ளி காகமல்ல, அதுதான்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம்.
எங்கள் கூட்டத்தில் ரொஷாந்த நிறுத்துவான்,
இலக்கங்கள் போதும் அவனுக்கு.
பஸ்மிலா ஒரு வரி எழுதுவாள்,
வெயில் கொளுத்தினாலும் மழையைப் பற்றி.
வங்கியில் இளைப்பாறிய சூசைதாசன் அண்ணர்
பூனையை எடுத்தாலும்
வாழ்க்கை ஒரு பயணம் என்று முடிப்பார்.
எனக்குத்தான் கைமீறிப் போகும்.
போயா நாளில் புறக்கோட்டை,
பூட்டிய கதவுகளுக்கு முன்னால் வெங்காயத்தோல் பறக்கிறது,
படம் அவ்வளவுதான்;
கீழே அறுபது வரி,
அதில் பத்து வெங்காய விலை.

மருதானை நிலையத்துக்கு மட்டும் சுருக்கமாக எழுதினேன்:
"இதற்கு முதல் எடுத்தது அழிக்கப்பட்டது."
யார் நின்று பார்த்திருக்க அழித்தேன்,
அடையாள அட்டையை எத்தனை தரம் திருப்பினார்கள்,
எழுதவில்லை.
தெரிந்தவர்களுக்குத் தெரியும்.
மற்றவர்கள் பற்றரி பழுதென்று நினைக்கட்டும்.

வாவிக்கு வருகிறேன்.
விளக்குக் கம்பத்தின் மேல் கூழைக்கடா,
அலகை மார்பில் மடித்து,
ஓய்வூதியப் படிவம் நிரப்ப வந்து
பேனா இல்லாமல் இருப்பவர்போல.
பார்த்தவர்கள் எல்லாரும் பறவையைப் பற்றியே பேசினார்கள்.
நல்ல பறவைதான்.

கம்பத்துக்கு இந்தப் பக்கம், சட்டத்துக்கு வெளியே,
ஒரு காவலாளி நின்றார்.
நீலச் சட்டை, தோளில் கம்பனியின் பெயர்,
ஓர் எழுத்துக் கழன்றிருந்தது.
இரவு வேலை முடிந்து
லெமன் பஃப் பக்கற்றைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:
"மிஸ், என்னையும் ஒன்னு எடுங்களேன்,
பின்னுக்கு நம்ம பில்டிங் வார மாதிரி."

நம்ம பில்டிங்.
நாற்பத்திரண்டு மாடி.
எதுவரை ஏறியிருக்கிறீர்கள் என்றேன்.
லொபி மட்டும்தான் என்றார்,
நான் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுபோல.
பெயர் புண்ணியமூர்த்தி. லிந்துலைப் பக்கம்.
இவ்வளவு உயரமென்றால்
மனைவி நம்பமாட்டேன் என்கிறாளாம்,
கதை அளக்கிறேன் என்று சிரிக்கிறாளாம்.

அந்த நேரம் பார்த்து
கூழைக்கடா ஒரு சிறகை அசைத்தது.

"பற்றரி முடிஞ்சுபோச்சு, அண்ணை" என்றேன்.

முடியவில்லை. இரண்டு கோடு மிச்சம் இருந்தது.
"பரவால்ல மிஸ்" என்று
எனக்கும் இரண்டு பிஸ்கற் நீட்டினார்.
வாங்கிச் சாப்பிட்டேன்.
சாப்பிட்டபடி கமெராவை மார்போடு பிடித்து,
ஷட்டரை மௌனத்தில் போட்டு,
சும்மா நிற்கிறவள்போல
பதினேழு படம்.
இது ஒன்பதாவது.

இரண்டு போயா கழிந்து அங்கே விசாரித்தேன்.
கம்பனி மாறிவிட்டதாம்.
இப்போது சாம்பல் சட்டை,
எல்லா எழுத்தும் ஒழுங்காய் இருக்கிறது.
முன்னம் நின்றவர்களை எங்கே போட்டார்கள் என்று
அந்தப் பொடியனுக்குத் தெரியவில்லை.
"படம் எடுக்கிறதெண்டா கடிதம் வேணும்" என்றான்.

இடது கீழ் மூலையில் கொஞ்சம் கறுப்பு விழுந்திருக்கிறது.
வெட்டிவிடு, சட்டம் சுத்தமாகும் என்கிறான் ரொஷாந்த.
அவன் சொல்வது சரி, படம் இன்னும் நன்றாக வரும்.
அது தொப்பி,
அதற்குக் கீழே தோள்,
கையிலே நீளமாகத் தெரிவது பிஸ்கற் பக்கற்.
புல்லில் நிழல் அப்படித்தான் விழுந்தது.
வெட்டவில்லை.

லிந்துலையில் யாராவது இதைப் பார்த்தால்:
பறவையை விடுங்கள்.
பின்னால் கட்டடம் இருக்கிறது, முழுசாக,
உச்சிவரை.
பெரிதாக்கினால் யன்னல்கள் தெரியும்.
எண்ணிப் பாருங்கள், அக்கா.